ஒரே ஒரு ஓட்டு வாங்கிய பாட்டு

— இந்தப் பாட்டும் ஒட்டல, கேப்டன்.

— எங்க ஒட்டல? நல்லாத்தானே போச்சு. கை தூக்கறோம், தாளம் விழுது. இதுக்கு மேல என்ன வேணும்?

— கை தூக்கற வரைக்கும் சரி. திரும்பற இடம் வந்ததும் பாட்டு முன்னாடி ஓடிடுது, நீங்க எல்லாரும் பின்னாடி நிக்கறீங்க. பஸ்ஸை விட்டுட்டு அடுத்த ஸ்டாப் வரைக்கும் துரத்தறவங்க மாதிரி இருக்கு. மறுபடி காட்டட்டுமா?

— வேண்டாம். நான் ஆடினதை நானே பார்த்துப் பார்த்துச் சலிச்சுப் போச்சு. அந்த ஸ்டூலை இப்படித் தள்ளு, சாமியார். காலை நீட்டிக்கறேன்.

— இந்த எடிட்டிங் ரூம்ல இருக்கறது ஒரு நாற்காலி, ஒரு ஸ்டூல். ரெண்டையும் நீயே எடுத்துக்கிட்டா நான் எங்க உக்கார்றது?

— சாமியார்னு பேர் வாங்கினவன் ஒத்தைக் கால்ல நின்னாத்தான் அழகு. வீடியோவை முடிச்சு வெளிய எடுக்கறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டரைப் பார்த்துக் கை கூப்பறவன் நம்ம காலேஜ்லயே நீ ஒருத்தன்தான்.

— கூப்பினா அது நடுவுல தொங்காம முடிச்சுக் குடுக்குது. கூப்பாம நீ பண்ணின வீடியோ பாதியில நின்னுச்சே, மறந்துட்டியா? அது சரி, கால் என்ன?

— உக்காந்து உக்காந்து மரத்துப் போச்சு. சரி, அடுத்தது. நாளைக்குச் சாயங்காலம் ஆடிட்டோரியத்துல எங்க தன்பாலின ஆளுங்களோட ப்ரைடு விழா. திரையில முதல்ல வர்றதே நம்ம வீடியோதான். வாட்ச்மேன் வந்து இந்த ரூமைப் பூட்டறதுக்குள்ள பாட்டு முடிவாகணும்.

— பாட்டை முடிவு பண்ணாம ஆட்டத்தைப் படம் பிடிச்சா இப்படித்தான் ஆகும். சட்டையைத் தெச்சு முடிச்சுட்டு அதுக்கு ஏத்த ஆளைத் தேடற கதை.

— நான் என்ன பண்ணட்டும்? ஓட்டு வெச்சுப் பார்த்தோம். பாதிப் பேர் அந்தக் குதிக்கற பாட்டுதான் வேணும்னாங்க. மீதிப் பேர் நடுவுல கை தட்டு வருமே, அந்தப் பாட்டுன்னாங்க. பெருமையைக் கொண்டாட ஒரு வீடியோ எடுக்க வந்துட்டு மானம் போற மாதிரி சண்டை. காலேஜ் கேமராவை ஒரு நாளைக்குத்தான் குடுத்தாங்க. முதல்ல ஆடி முடிச்சுடுவோம், பாட்டை அப்புறம் பொருத்திக்கலாம்னு நான்தான் சொன்னேன்.

— இன்னொரு பாட்டும் இருந்துச்சே. மழைப் பாட்டு. ஒரே ஒரு ஓட்டு.

— அதை எந்தப் புண்ணியவான் போட்டானோ. ப்ரைடுக்குப் பாட்டு கேட்டா தாலாட்டைக் கொண்டு வந்திருக்கான்.

— அன்னிக்கும் இதையேதான் சொன்னே. நீ சிரிச்சதைப் பார்த்துத்தான் மத்தவங்களும் சிரிச்சாங்க.

— நீயும்தான் சிரிச்சே. சரி, அடுத்தது.

— அடுத்தது இல்ல. இருக்கற பாட்டெல்லாம் போட்டுப் பார்த்தாச்சு. நான் வேற ஒண்ணு யோசிக்கறேன். பாட்டே இல்லாம, ஆட்டத்துக்கு எண்ணிக் குடுத்தானே நம்ம கணக்கு, அவன் குரலை மட்டும் போடறேன். நீங்க எல்லாம் அதுக்குத்தானே ஆடினீங்க? அதைக் கேட்டா எங்க இடிக்குதுன்னு தெரிஞ்சுடும்.

— அவன் பேரை எடுக்காதேன்னு சொன்னேனே.

— சொல்லலையே.

— இப்பச் சொல்றேன்.

— சரி, எடுக்கல. ஆனா குரல் அவனோடதுதான். என்ன செய்ய? படம் பிடிச்ச அன்னிக்குக் காலையில ஆரம்பிச்சு ஒண்ணுலேர்ந்து எட்டு வரைக்கும் திரும்பத் திரும்ப எண்ணியிருக்கான், பாவம். தொண்டை என்னத்துக்கு ஆகும்? ம், கேளு. இந்த இடம். கேட்டியா?

— என்ன கேக்கணும்?

— ஏழு வரைக்கும் கடிகாரம் மாதிரி போறான். எட்டு வந்ததும் இழுக்கறான். ஒரு மூச்சு வாங்கற நேரம் நின்னுட்டு, அப்புறம்தான் அடுத்த ஒண்ணுக்குப் போறான். அதுவும் எல்லா எட்டுலயும் இல்ல. நீங்க ஒரு காலை ஊனிச் சுத்தித் திரும்பறீங்க பாரு, அந்த எட்டுல மட்டும்.

— களைச்சுப் போயிருப்பான்.

— முதல் தடவை எண்ணும்போதே களைப்பானா? ஒவ்வொரு தடவையும் அதே இடம், அதே அளவு. இது தப்பா வந்தது இல்ல, கேப்டன். தெரிஞ்சே பண்ணியிருக்கான். எதுக்குன்னுதான் புரியல. அதனாலதான் எந்தப் பாட்டும் ஒட்ட மாட்டேங்குது. கடையில விக்கற பாட்டு எதுவும் யாருக்காகவும் நின்னுட்டுப் போகாது.

— அந்த ஒரு இடத்தை வெட்டி எறிஞ்சுடு.

— வெட்டினா நீங்க பாதி திரும்பினபடி நிப்பீங்க. அவனையே கேட்டுடலாமே. ஒரு ஃபோன்.

— நான் பண்ணினா எடுக்க மாட்டான்.

— பண்ணிப் பார்த்தியா?

— என்னன்னு பண்றது? அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. நீ அப்பவே கிளம்பிட்ட.

— நான் கிளம்பிட்டேன். கேமரா கிளம்பலையே. ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு.

— அப்ப நீ பார்த்துட்டே.

— எடிட் பண்றவன் எல்லாத்தையும்தான் பார்க்கணும்.

— எல்லாரும் வானவில் கொடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னோம். ஆட்டம் நல்லா வந்த சந்தோஷம். அவன் மட்டும் கேமராவுக்குப் பின்னாடி நின்னான். எனக்கு மனசு கேக்கல, சாமியார். கையை நீட்டி, கணக்கு, நீயும் வாடா, நீயும் எங்க ஆளுதானே, எத்தனை நாள் ஒளிஞ்சு நின்னு எண்ணுவேன்னு கேட்டேன். அத்தனை பேருக்கும் முன்னாடி. அவன் என்கிட்ட மட்டும் சொன்ன விஷயம் அது. கேன்டீனுக்குப் பின்னாடி உக்காந்துக்கிட்டு, கையில இருந்த டீ ஆறிப்போற வரைக்கும் முழுங்கி முழுங்கிச் சொன்னான்.

— ம்.

— அன்புலதான் கூப்பிட்டேன்.

— அன்புல இழுத்தாலும் கை சுளுக்கத்தான் செய்யும், கேப்டன்.

— அவன் முகம் போன போக்கைப் பார்த்ததும் தெரிஞ்சுடுச்சு. அதுக்குள்ள ஒருத்தன் விசில் அடிச்சான். இன்னொருத்தன், அப்படியா சங்கதின்னான். சாயங்காலமே அவன்கூட ஹாஸ்டல் ரூம்ல இருந்தவன் படுக்கையைச் சுருட்டிக்கிட்டு வேற ரூமுக்குப் போயிட்டானாம். யாரோ அவன் சித்தப்பா காதுலயும் போட்டுட்டாங்க. அவர் வந்து பெட்டியோட வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். நான் வாசல்ல நின்னேன். அவன் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கல.

— நீ சொன்னப்ப உன் வீட்ல எப்படி எடுத்துக்கிட்டாங்க?

— அப்பா ஒரு மாசம் பேசல. அப்புறம் ஒரு நாள், சாப்டியான்னார். அவ்வளவுதான், முடிஞ்சுது. அம்மா அதுக்கு முன்னாடியே சமாதானம். அதனாலதான் எல்லாருக்கும் இப்படித்தான் முடியும்னு நெனச்சுட்டேன் போல.

— உன் வீட்டுச் சாவி உன் வீட்டுக் கதவுக்குத்தான் சேரும். எல்லார் பூட்டுலயும் விட்டுத் திருகினா?

— குத்திக் காட்டாதே.

— குத்தல. எனக்குச் சொல்லத் தெரிஞ்சது அவ்வளவுதான். கடவுள் நாக்கைக் குடுத்தாரு, பல்லையும் சுத்திக் காவல் வெச்சாரு. நம்மதான் வாயைத் திறந்து வெச்சுடறோம்.

— பிரசங்கம் போதும். அந்தக் கடைசிக் காட்சியை அழிச்சுடு. யார் கையிலயும் கிடைக்கக் கூடாது.

— அழிச்சாச்சு. பார்த்த அன்னிக்கே.

— என்னைக் கேக்காமலா?

— கேட்டா, அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை போட்டுக் காட்டுன்னு சொல்லுவே. அதை நீ மறுபடி பார்க்க வேண்டாம்னு தோணுச்சு.

— நீ எதுக்குடா இந்த வீடியோவுக்கு எடிட் பண்ண ஒத்துக்கிட்டே? கும்பிடறவனுக்கு அங்க என்ன வேலைன்னு உன் அத்தை கேட்டாங்கன்னு சொன்னியே.

— கேட்டாங்க. கும்பிடும்போது ரெண்டு கையும் சேர்ந்திருக்கு, அத்தை, அடுத்தவனைத் தள்ளக் கை ஏதுன்னேன்.

— அதுக்கு என்ன சொன்னாங்க?

— தட்டுல இன்னொரு கரண்டி சோறு வெச்சாங்க. எங்க வீட்ல அதுதான் பதில். சரி, ஃபோனை எடு.

— எடுக்க மாட்டான்.

— எடுக்கலன்னா அது அவன் இஷ்டம். பண்ணாம இருந்தா அது உன் தப்பு. ஸ்பீக்கர்ல போடு, நானும் கூட இருக்கேன்.

— அடிக்குது. எடுக்கல, பாரு. நான் சொன்னேன்ல. எடுக்க...

— சொல்லு, கேப்டன்.

— கணக்கு. நான்தான்.

— தெரியுது. பேர் வருதுல்ல.

— என் பேரை அழிக்கலையா?

— எதுக்கு அழிக்கணும்? யார் கூப்பிடறாங்கன்னு தெரியாம எடுத்துட்டா அப்புறம் நான்தான் திண்டாடணும்.

— இங்க சாமியாரும் இருக்கான். ஃபோன் ஸ்பீக்கர்ல இருக்கு. முதல்லயே சொல்லிடறேன்.

— என்னடா சாமியார், வீடியோ முடிஞ்சுதா? இல்ல இன்னும் கம்ப்யூட்டரைக் கும்பிட்டுக்கிட்டே நிக்கறியா?

— நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன். உக்கார இடம் குடுக்க மாட்டேங்கறா. எப்படி இருக்கே? சாப்டறியா?

— சாப்டறேன். சித்தப்பா ரூம் ரூமா நடந்துக்கிட்டே திட்டறாரு. அம்மா பேச மாட்டேங்கறாங்க. துண்டு எங்கன்னு கேட்டா கையைக் காட்டறாங்க.

— கணக்கு, நான் பண்ணினது...

— ஆனா சட்டையை எல்லாம் இஸ்திரி போட்டுக் கட்டில் மேல வெச்சிருக்காங்க. நான் தூங்கி எழுந்து பார்க்கறேன், மடிப்பு கலையாம அடுக்கி இருக்கு.

— நல்லது. அந்தச் சட்டையில ஒண்ணை இன்னிக்கே போட்டுக்கோ. போட்டுக்கிட்டு அவங்க கண்ணுல படற மாதிரி நட.

— நீ சொன்னா சரி, சாமியார்.

— கணக்கு, நான் பேசறேன், கேளு. நீ நம்பிச் சொன்னதை நான் காப்பாத்தல. உன்னைச் சேர்த்துக்கறதா நெனச்சுக்கிட்டுத் தெருவுல நிறுத்திட்டேன். மன்னிச்சுடுன்னு கேக்கக்கூட வாய் வரல.

— அதைப் பத்தி இப்ப வேண்டாம், கேப்டன்.

— எப்பப் பேசலாம்?

— தெரியல. நீ கெட்டது நெனைக்கலன்னு தெரியும். ஆனா சில நேரம் அதுதான் இன்னும் வலிக்குது. கெட்டது நெனைச்சவனா இருந்தா திட்டிட்டாவது போயிருப்பேன். நீ எதுக்குக் கூப்பிட்டே? அதைச் சொல்லு.

— நான் சொல்றேன்டா. எந்தப் பாட்டும் ஒட்ட மாட்டேங்குது. திரும்பற எட்டுல மட்டும் நீ இழுத்து இழுத்து எண்ணியிருக்கே. அங்க எல்லாப் பாட்டும் முந்திக்கிட்டு ஓடுது.

— ஓ, அதுவா? மழைப் பாட்டைப் போட்டுப் பாரு.

— எது, அந்த ஒரே ஒரு ஓட்டு வாங்கின பாட்டா?

— அந்த ஒரு ஓட்டு என்னோடதுதான்.

— உன்னோடதா? நான் வேற தாலாட்டுன்னு சிரிச்சேனே, கணக்கு.

— பரவாயில்ல. நானும் கூடச் சேர்ந்து சிரிச்சேன். யாருக்கும் சந்தேகம் வரக் கூடாதுல்ல? மனசுக்குள்ள அந்தப் பாட்டை ஓட்டிக்கிட்டுத்தான் எண்ணினேன்.

— பொறு, போட்டுப் பார்க்கறேன். கை தூக்கறாங்க, சரி. முன்னாடி வர்றாங்க, சரி. இப்பத் திரும்பணும். கேப்டன், இங்க பாரு. அந்தப் பாடகி வரி முடியற இடத்துல மூச்சு வாங்கறா. நீங்க திரும்பி முடிக்கறீங்க. அப்புறம்தான் அடுத்த வரியை எடுக்கறா. பின்னாடி வர்றவங்களுக்காகக் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கற மாதிரி.

— மறுபடி போடு.

— இதோ. எல்லாத் திருப்பத்துலயும் ஒட்டுது. அந்தக் குதிக்கற பாட்டைவிட இதுலதான் எல்லார் முகமும் தெரியுது. கடவுள் புண்ணியத்துல பாட்டு கிடைச்சுடுச்சு.

— கணக்கு, இதை ஓட்டு போடும்போதே எழுந்து சொல்லியிருக்கலாமே. இவ்வளவு அழகா இருக்கு. நாங்க ஆடி முடிச்சு, அடிச்சுக்கிட்டு, கடைசியில இதுக்கா வந்து நிக்கணும்?

— சொன்னா, ஏன் இந்தப் பாட்டுன்னு எல்லாரும் கேட்டிருப்பீங்க.

— கேட்டா என்ன? இப்பவும் கேக்கறேன். ஏன் இந்தப் பாட்டு?

— ஸ்பீக்கரை அணைச்சுட்டு ஃபோனைக் காதுல வை, கேப்டன்.

— எதுக்கு? சாமியார்தானே இருக்கான்.

— சாமியார் நல்லவன்தான். இருந்தாலும் வை.

— வெச்சுட்டேன்.

— அவனுக்குக் கேக்காதுல்ல?

— கேக்காது. சொல்லு.

— ஒத்திகையில பார்த்தேன். அந்தக் காலை ஊனித் திரும்பும்போதெல்லாம் உதட்டைக் கடிச்சுக்கிட்டே. மறுநாள் படியில ஒவ்வொரு படியா நின்னு நின்னு இறங்கினே. நீ முழங்கால் வலியை யாருக்கும் தெரியாம மறைச்சு வெச்சுக்கிட்டு ஆடறேன்னு புரிஞ்சுது. தெரிஞ்சா நடுவுல நிக்க விட மாட்டாங்கன்னு பயந்திருப்பே. அந்த ஒரு பாட்டுலதான் நீ திரும்பறதுக்கு நேரம் இருந்துச்சு.

— கணக்கு...

— பயப்படாதே, கேப்டன். நான் யார்கிட்டயும் சொல்லல.