சைபர் எழுதின வீடு

முருகம்மாள்: அன்னைக்கே சொல்லிட்டேன்லா சார். சீமெண்ணெய் இல்ல, கரி இல்ல, விறகு இல்ல. கணக்கெடுக்க வந்த உங்க ஆளு எல்லாத்துக்கும் சைபர் போட்டுட்டுப் போனாரு.

வேங்கடசுப்ரமணியன்: அதைத்தாம்மா கேக்க வந்தேன். தாராவியில இந்த ஒரு சந்துல மட்டும் பதினோரு வீடு சைபர். பின்னே எதை வச்சு சமைக்கறேள்?

முருகம்மாள்: எதுக்குக் கேக்கிய? ரேஷன் கார்டை வெட்டவா?

வேங்கடசுப்ரமணியன்: நான் ரேஷன் ஆபீஸ் இல்லை. கம்ப்யூட்டர்னு ஒரு பெரிய மெஷின். யார் ஆத்துல எவ்வளவு எரியறதுன்னு அட்டையில ஓட்டை போட்டு அதுக்குக் குடுப்போம். இப்போ வருஷம் அறுபத்தாறா... எண்பத்தொண்ணுல தேசத்துக்கு எவ்வளவு எண்ணெய், கரி, கரண்டு வேணும், எவ்வளவு கிடைக்கும்னு சொல்லும். அதை வச்சு டில்லியில திட்டம் போடுவா.

முருகம்மாள்: இந்த மாசம் எண்ணெய் கிடைக்குமான்னு சொல்லுமா?

வேங்கடசுப்ரமணியன்: ...சொல்லாது.

முருகம்மாள்: பொறவு என்ன.

வேங்கடசுப்ரமணியன்: கேளுங்கோ. சைபர்னு வந்தா, எழுத மறந்துட்டான்னு எடுத்துண்டு மத்த வீட்டுச் சராசரியைப் போட்டுக்கும். உங்காத்துல மாசம் பத்து லிட்டர் எரியறதாம்.

முருகம்மாள்: பத்து லிட்டரா? கார்த்திகைக்குப் பொறவு கடையில ஒரு சொட்டு ஊத்தல. வரிசையில நின்னு கால் வீங்கினதுதான் மிச்சம்.

வேங்கடசுப்ரமணியன்: அது மெஷினுக்குத் தெரியாது. இந்தச் சந்துல எல்லார்கிட்டயும் எண்ணெய் இருக்கு, இனிமேலும் இதே போதும்னு சொல்றது.

முருகம்மாள்: அந்தப் புத்தியை அதுக்கு யாரு குடுத்தது?

வேங்கடசுப்ரமணியன்: நான்தான். உள்ளதைச் சொல்லுங்கோ. மாத்தி எழுதறேன்.

முருகம்மாள்: ...பின்னால வாங்க. குனிஞ்சு வாங்க, தகரம் இடிக்கும். பாத்தியளா? பதினோரு வீட்டுக்கும் இது ஒரே அடுப்பு. பழப்பெட்டிப் பலகை, தோல் கிடங்குல வீசுத கழிவு, டயர் துண்டு... கிடைச்சதைப் போடுதோம். முனிசிபாலிட்டிக்காரன் கண்டா இடிச்சிருவான். அதான் எல்லாரும் பேசி வச்சு, ஒண்ணும் இல்லன்னு சொன்னோம்.

வேங்கடசுப்ரமணியன்: இந்தப் புகையிலயா...

முருகம்மாள்: அடுத்த வீட்டுப் பார்வதியம்மாளுக்குக் கண்ணு பாதி போச்சு. எழுதுங்க, அதையும்.

வேங்கடசுப்ரமணியன்: டயருக்கே சர்வே பாரத்துல எடம் இல்லை. ஓரத்துல எழுதிக்கறேன்.

முருகம்மாள்: இதுக்காகவா ஞாயித்துக்கிழமை உங்களை அனுப்பினாவ?

வேங்கடசுப்ரமணியன்: யாரும் அனுப்பலை. ஆயிரம் வீட்டுல பதினொண்ணு என்ன பெரிசுன்னார் எங்க மேலதிகாரி, ஜஹாங்கீர். நாளைக்கு அறிக்கை டில்லிக்குப் போறது. இதைத் திருத்தி மெஷின்ல மறுபடி ஓட்டாம நான் கையெழுத்துப் போடப்போறதில்லை.

முருகம்மாள்: வேலை போயிராதா?

வேங்கடசுப்ரமணியன்: போகலாம்.

முருகம்மாள்: நாங்க உங்களுக்கு யாரு... ஒரு சைபரைப் பாத்து எதுக்குச் சார் இம்புட்டுத் தூரம் வந்திய?

வேங்கடசுப்ரமணியன்: பக்கத்துல மாட்டுங்காவுல இருக்கற எங்காத்தையும் சர்வேயில எடுத்தா. நானும் எல்லாத்துக்கும் சைபர்தான் எழுதினேன். மெஷின் அதையும் மறதின்னு நெனச்சு, தினம் ரெண்டு வேளை சமைக்கறதாப் போட்டுடுத்து... என் ஆம்படையா விசாலாக்ஷி போய் நாலு மாசம் ஆறதும்மா. அடுப்பு ஏத்த மனசு வரலை எனக்கு.