யாரும் விழாத வார்டு

கட்டிலிலிருந்து இறங்குவது பார்க்கத்தான் எளிது. படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்கிவிடும், தலைக்குப் போதாது. கண் இருட்டும், கால் தரையைத் தேடும். இடுப்பெலும்பு முறிவது அப்போதுதான். புதிதாக வரும் நர்ஸ்களுக்கு இதைச் சலிக்காமல் சொல்லித்தருவேன்.

டாக்டர்கள் வந்து போகிறவர்கள். வார்டை நடத்துவது நாங்கள். எங்கள் பராமரிப்பின் தரத்தைப் பார்க்க வருகிற ஆய்வாளர்கள் முதலில் கேட்பது, யாராவது விழுந்தார்களா என்றுதான். நான் தலைமை நர்ஸ் ஆன பிறகு ஒருவரும் விழவில்லை.

கையைக் கட்டிப்போடுவது தவறு, நான் செய்ததில்லை. மூக்குக்கண்ணாடியை எடுத்து வைத்துவிடுவேன், அவ்வளவுதான். தரை தெரியாதவர் தானாக இறங்கமாட்டார். கேட்டால், எங்கேயோ தொலைந்துவிட்டது என்பேன். என் மேஜை இழுப்பறையில் பஞ்சுக்கு நடுவே எல்லாம் பத்திரமாக இருந்தன. ஒன்றில்கூடக் கீறல் கிடையாது.

காலில் புண் என்று வந்த கடிகாரக்காரர் மட்டும் அடங்கவில்லை. கட்டில் கம்பிகளைத் தடவிக்கொண்டே கழிப்பறைக்குப் போய் வந்தார்.

"கண்ணாடிய எலி தூக்கிட்டுப் போச்சா சிஸ்டர்? போகட்டும் விடுங்க. முள்ளத் தடவியே மணி சொல்றவன் நான்."

வார்டே சிரித்தது. பக்கத்துக் கட்டில்காரரும் காலைக் கீழே தொங்கப்போட்டார். அதுதான் ஆபத்து.

அன்றிலிருந்து கடிகாரக்காரரின் பாலில் தூக்க மருந்து கலந்தேன். டாக்டர் எழுதாத மருந்து.

"நடந்து வந்த மனுஷன் சிஸ்டர், இப்படித் துணி மாதிரி கிடக்குறாரே" என்றார் அவர் மனைவி.

"ஓய்வு எடுக்கட்டும்மா" என்றேன்.

அசையாமல் கிடந்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். இருமக்கூடத் தெம்பிருக்காது. சளி நுரையீரலின் அடியில் தேங்கும். அரைத்தூக்கத்தில் புகட்டுகிற பால் மூச்சுக்குழாய்க்குள் போகும். அவருக்கும் அப்படியேதான் நடந்தது. மூச்சில் கரகரப்பு கேட்ட பிறகும் நான் மருந்தை நிறுத்தவில்லை. ஆய்வு நெருங்கியிருந்தது.

உடலை எடுக்கும் முன் கடைசியாக ஒருமுறை கண்ணாடியோடு அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அந்த அம்மா அழுதார். மனம் கேட்கவில்லை; துடைத்துக் கொடுத்தேன்.

"தொலஞ்சு போச்சுன்னீங்களே சிஸ்டர்?"

இரக்கப்பட்டதால்தான் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

அவரைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். என் இடத்துக்கு வந்தவள் கண்ணாடிகளையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம். அந்தப் பக்கத்துக் கட்டில்காரர் நடக்கப் போய் வழுக்கி விழுந்தாராம். முழங்கையில் சிராய்ப்பு, மறுநாள் வீட்டுக்கு நடந்தே போனாராம்.

பார்த்தீர்களா? நான் இல்லாவிட்டால் வார்டு இப்படித்தான் ஆகும்.