ஒட்டுப் போடும் நொதியும் என் மாப்பிள்ளையின் கால்களும்

எங்கள் இருமலைக் கண்டு ஒருநாளும் முகம் சுளிக்காத, இன்று இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே! மாத்திரைப் பொட்டலத்தை மடியில் முடிந்துகொண்டு, பிள்ளை விழுங்கும்வரை தாம் விழுங்காத தாய்மார்களே! காசநோயோடு களத்தில் நிற்கும் தம்பிமார்களே, தங்கைமார்களே! கதவோரம் நிற்கும் காவலாளித் தம்பியே, உம்மையும் சேர்த்துத்தான்! அனைவருக்கும் இந்தத் தையற்காரனின் வணக்கம்.

"நொதியைப் பத்திப் பேசுங்க ஐயா" என்றார் அம்மா. மழைக்குக்கூடப் பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்காதவன் நான். அந்த நொதியின் பெயர் அசிட்டைல் டிரான்ஸ்ஃபரேஸ். சிரிக்காதீர்கள்! இதைச் சொல்லப் பழகுவதற்குள் ஒரு கால்சட்டையே தைத்திருப்பேன். ஆனால் இந்தப் பெயருக்குப் பின்னால் என் தங்கையின் வாழ்வு நின்றது. அதனால்தான் மறக்கவில்லை.

என் மாப்பிள்ளையும், அதாவது தங்கை கணவரும், நானும் ஒரே கடையில் பக்கத்துப் பக்கத்து மிஷின். காலால் மிதித்து ஓட்டுகிற மிஷின். அவர் கை மின்னல். நான் ஒரு கால்சட்டை முடிப்பதற்குள் அவர் ஒன்றை முடித்து அடுத்ததற்கு இடுப்புப் பட்டி வைத்துவிடுவார். ஒரே காற்று, ஒரே தூசி. காசநோய் இருமலும் இருவருக்கும் ஒன்றாகவே வந்தது. ஒரே மருத்துவமனை, ஒரே மாத்திரை. எனக்குப் பசி திரும்பியது, உடம்பு தேறியது. அவருக்கு?

"மச்சான், உள்ளங்கால்ல எறும்பு ஊருது" என்றார் ஒரு நாள்.

இதைக் கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? மருத்துவரிடம் ஓடுவீர்கள். நாங்கள் என்ன செய்தோம்? மிஷினுக்கு எண்ணெய் போட்டோம்! ஆம் ஐயா! மிதித்தே வயிறு வளர்க்கிறவனுக்குக் கால் மரத்தால் மிதிப்பலகை மேல்தான் சந்தேகம் வரும். சக்கரத்து வாரை மாற்றினோம். அப்புறம் எரிச்சல் வந்தது. இருக்கையை உயர்த்தினோம். எரிச்சல் ஏறியது. மிஷினையே மாற்றிக்கொண்டோம்.

"உங்க மிஷின் உங்கள மாதிரியே சோம்பேறி மச்சான், நகரவே மாட்டேங்குது" என்றார் அவர். கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். கால் மட்டும் சிரிக்கவில்லை.

ஒரு மதியம் என் தங்கை சாப்பாடு கொண்டுவந்தாள். தையற்கடைத் தரையில் குண்டூசிக்கா பஞ்சம்? குத்தினால் துள்ளுவோம், திட்டுவோம், பிடுங்கி எறிவோம். அன்று அவள் துள்ளலைப் பார்க்கவில்லை. மிதிப்பலகையில் சிவப்பைப் பார்த்தாள்.

"அண்ணே! இவரு கால்ல ரத்தம்!"

அவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "எங்க?"

எங்கே என்று கேட்கிறார் ஐயா! குண்டூசி கொண்டைவரை ஏறியிருக்கிறது, காலுக்கு உடையவருக்குத் தெரியவில்லை!

அன்றே மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு ஓடினோம். அங்கேதான் அவர் உள்ளத்தில் இருந்தது வெளியே வந்தது. "நாளையிலேர்ந்து மாத்திரைய நிறுத்தப் போறேன்மா. மச்சானுக்கு ஒத்துக்குது. எனக்கு மட்டும் ஏன் ஒத்துக்கல? கால் போச்சுன்னா எம் பொழப்பே போச்சு!"

"நிறுத்துனா உசுரு போயிடும்யா! பிள்ளைங்க முகத்தப் பாரு!" என்று என் தங்கை அவர் கையைப் பற்றிக்கொண்டாள். கால் ஒரு பக்கம், உயிர் ஒரு பக்கம். எதை விடுவது? எதைப் பிடிப்பது?

அப்போது இதோ இந்த அம்மா, அன்று நரை விழாத இளம் மருத்துவர், நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "உங்க ரெண்டு பேர்ல யாரு வேகமாத் தைப்பீங்க?"

"இதுல என்னம்மா சந்தேகம், நான்தான்" என்றார் மாப்பிள்ளை.

"உடம்புக்குள்ள உங்க மச்சான்தான் வேகம் போலிருக்கு" என்றார் அம்மா.

அன்று அவர் அவிழ்த்துக் காட்டிய அதிசயத்தை இன்று உங்களுக்குச் சொல்கிறேன். அசிட்டைல் என்பது மிகச் சின்னஞ்சிறு துணுக்கு. அதை ஓரிடத்தில் எடுத்து இன்னோரிடத்தில் ஒட்டுப் போடும் தையற்காரர்களே இந்த நொதிகள். ஒருவரல்லர், பெருங்கூட்டம்! நம் உயிரணுவுக்குள் பரம்பரையின் நூல் உருளைகளில் இறுகச் சுற்றியிருக்கிறது. ஒரு நொதி அந்த உருளையில் ஒட்டுப் போட்டால் சுற்று தளர்கிறது, நூலில் உள்ள செய்தி படிக்கக் கிடைக்கிறது. இன்னொரு நொதி நரம்பு முனையில் தூதுப் பொருளை ஆக்குகிறது. 'மிதி' என்று மனம் நினைத்ததும் தசை மிதிப்பது எதனால்? அந்தத் தூதால்!

மூன்றாவது நொதிதான் எங்கள் கதைக்குரியது. அது கல்லீரலில் இருக்கிறது. வேலை முடித்த மாத்திரை மருந்தின் மீது ஒட்டுப் போட்டு, 'போய் வா' என்று சிறுநீர் வழியே அனுப்புகிறது. சிலருக்கு அது பிறவியிலேயே வேகம்; சிலருக்குப் பிறவியிலேயே நிதானம். நிதானமானவர் உடம்பில் மருந்து நெடுநேரம் தங்கும். தங்கிய மருந்து பி6 என்னும் உயிர்ச்சத்தைக் குறைக்கும். சத்தில்லாத நரம்பு ஊரும், எரியும், மரத்துப்போகும்!

குற்றம் யாருடையது? மிஷினுடையதா? இல்லை. மனிதருடையதா? இல்லவே இல்லை! மாத்திரையை வீசி எறிய வேண்டுமா? வேண்டாம், வேண்டாம், வேண்டவே வேண்டாம்! அம்மா அவர் இரத்தத்தைச் சோதித்தார், கல்லீரலைக் கவனித்தார், பி6 மாத்திரை சேர்த்தார். மருந்து நிற்கவில்லை. எரிச்சல் மெல்ல மெல்ல இறங்கியது. நோய் தீர்ந்தது. என் தங்கை பிள்ளைகளின் திருமணத்துக்கு அத்தனை சட்டைகளையும் அவரே மிதித்துத் தைத்தார்!

பெரியோர்களே! ஒரே மாத்திரையை விழுங்கும் இரண்டு உடம்புகள் ஒரே உடம்பாகிவிடுமா? பக்கத்துப் படுக்கைக்காரர் நன்றாக இருக்கிறார் என்று உங்கள் வலியை மறைக்காதீர்கள். வலிக்கிறது என்று நீங்களாக மருந்தையும் நிறுத்தாதீர்கள். சொல்லுங்கள்! வாய் திறந்து சொல்லுங்கள்!

என்னம்மா? மூன்றாம் வரிசையில் பச்சைப் புடவை கட்டிய தாயே, எழுந்து நிற்கிறீர்களே? உரக்கச் சொல்லுங்கள்.

மகனுக்குப் பாதம் எரிகிறதாம். "வெயில்ல நடந்ததுதான்னு விட்டுட்டோம்" என்கிறார். மாத்திரையை அவன் முந்தாநாளே நிறுத்திவிட்டானாம். அழாதீர்கள் தாயே. தம்பி, நீயும் தலையைத் தொங்கப் போடாதே. உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. அம்மா எழுந்துவிட்டார், பாருங்கள். பக்கத்து அறையிலேயே பார்த்துவிடலாம் என்கிறார்.

தலைவர் எழுந்த பிறகு மேடையில் பேச்செதற்கு? நாற்காலிகளை நகர்த்துங்கள் ஐயா, அந்தத் தாயும் மகனும் வரட்டும். செவிகொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றியும் வணக்கமும் கூறி, அவர்களுக்கு வழிவிட்டு இறங்குகிறேன்.