சாவியம்மாவுக்கு நீங்கள் வடித்த கண்ணீர்

மேடையில் கண்களைத் துடைத்துக்கொண்ட பெரியோர்களே, கீழே கைபேசியைத் துடைத்துக்கொண்டிருந்த அன்பர்களே! நான் வாய் மூடி இருந்தது போதும். நேற்றைய இரங்கல் கூட்டத்தில் மேடையில் இருப்பவர்களைத் தவிர வேறு யாருக்கும் பேச நேரமில்லை என்றார் நம் குழுத் தலைவர். அவர் அழுவதற்கு மட்டும் நேரம் தாராளமாக இருந்தது. ஆகவே, பேச நினைத்ததை எழுதுகிறேன்.

குழந்தை மருத்துவர், நம் மாணவர் நலக் குழுவின் மூத்த உறுப்பினர், டாக்டரம்மா மறைந்துவிட்டார். முதுகுக்குப் பின்னால் "சாவியம்மா" என்று சிரித்தீர்களே, அவரேதான்! எந்தப் பள்ளிக்குப் போனாலும் தலைமையாசிரியர் அறைக்குப் போகும் முன்பே மாணவிகளின் கழிப்பறைக்குப் போவார். கதவில் பூட்டு தொங்கும். "சாவி யார்கிட்ட இருக்கு?" என்பார்.

ஒரு தலைமையாசிரியர் பெருமையோடு பதில் சொன்னார்: "நீங்க வர்றீங்கன்னுதாம்மா கழுவிப் பூட்டி வெச்சிருக்கோம். திறந்துவிட்டா பிள்ளைங்க அசிங்கம் பண்ணிடும்."

"அதுக்குத்தானே சார் கட்டினது?"

அந்தப் பிள்ளைகள் பள்ளியில் தண்ணீரே குடிப்பதில்லை. குடித்தால் போக வேண்டுமே! அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு காய்ச்சலோடு வந்த சிறுமிகளுக்கு மருந்து எழுதிச் சலித்துத்தான், பள்ளி நேரம் முழுக்கக் கழிப்பறை திறந்திருக்க வேண்டும் என்று ஒரு விதி கேட்டார். மாளிகையா கேட்டார்? பதவியா கேட்டார்? உள்ளே ஒரு தாழ்ப்பாளைப் போடுங்கள், வெளியே இருக்கும் பூட்டை எடுங்கள் என்றார்.

தலைவர் என்ன சொன்னார்? "ஏம்மா, வீட்லயே போயிட்டு வந்தா என்னவாம்? இதுக்கெல்லாமா ஒரு விதி?"

"ஐயா, இந்தக் கூட்டத்துக்கு நடுவுல ரெண்டு தடவை எழுந்து போனீங்களே, வீட்டுக்கா போயிட்டு வந்தீங்க?"

அறையே சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. அன்றே அந்த விதி துணைக்குழுவுக்குப் போனது. துணைக்குழு இன்றுவரை கூடவில்லை. அதே தலைவர் நேற்று, "கூடப் பிறக்காத தங்கச்சி" என்று விம்முகிறார்! தங்கையின் பெயரைக் கூட்ட அரங்குக்கு வைப்பாராம்! நீங்களும் கை தட்டினீர்கள். இரங்கல் கூட்டத்தில் கை தட்டிய கூட்டம் நம்முடையதுதான்.

அடுத்த கூட்டத்துக்கான அழைப்பைப் படித்தீர்களா? அரங்குக்குப் பெயர் சூட்டுவது முதல் பொருள். விதியைக் காணோம். அந்தக் கூட்டத்தோடு இந்தக் குழுவின் காலமும் முடிகிறது. அன்று நிறைவேறாவிட்டால் டாக்டரம்மாவோடு அவர் கேட்டதும் போய்விடும். தலைவர் காத்திருப்பது அதற்குத்தான்.

அன்பர்களே, உங்களை நான் அறிவேன். தேநீர் வரும்வரை கொள்கை பேசுவீர்கள், வந்ததும் பிஸ்கட் பேசுவீர்கள். இருந்தாலும் கேட்கிறேன். யாராவது ஒருவர் எழுந்து அந்த விதியை முன்மொழியுங்கள். யாரும் எழாவிட்டால் நான் எழுவேன். இது அவர் படத்தின் முன் நின்று நான் எடுத்த உறுதி.

கீழே என் பெயரை எழுதிப் பார்த்தேன். தலைவரோடு எனக்குப் பழைய பகை உண்டு. நம்மில் யாருக்குத்தான் இல்லை? பெயரைப் பார்த்ததும், "ஓ, இவனா! இவனுக்கு அந்த நாற்காலி மேல ரொம்ப நாளா கண்ணு" என்பீர்கள். அதைப் பேசியே கூட்டத்தை ஓட்டிவிடுவீர்கள். அந்த வசதியை உங்களுக்கு நான் செய்து தருவதாக இல்லை. பெயரை அடித்துவிட்டேன். கையெழுத்தில்லாமலே எல்லா உறுப்பினர்களுக்கும் இதைத் தபாலில் சேர்க்கிறேன்.