வேறு சிம் ஏற்காத போன்

செல்போனை ஏன் பூட்டி விற்கிறார்கள் என்று என் கடைக்கு வந்து கேட்காதவர்கள் குறைவு. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பதினோரு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். எல்லோருக்கும் பொறுமையாக ஒரே பதிலைத்தான் சொல்வேன். கம்பெனிக்காரன் நாலாயிரம் ரூபாய் போனை ஆயிரத்துக்குத் தருகிறான். வாங்கிய மறுநாளே நீங்கள் அடுத்த கம்பெனி சிம்மைப் போட்டுக்கொண்டு போய்விட்டால் அவன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். அதனால் தன் சிம்மைத் தவிர வேறு எதையும் ஏற்காதபடி பூட்டிவிடுகிறான். இரண்டு வருஷம் ஒழுங்காக அவனிடமே இருந்தால், போனை விற்ற கடைக்கு ஒரு பத்து இலக்க எண் அனுப்புவான். அதைத் தட்டினால் பூட்டு திறந்துவிடும். இதில் அநியாயம் ஒன்றும் இல்லை. நஷ்டப்பட்டுக் கொடுத்தவனுக்கு ஒரு பிடிமானம் வேண்டும்.

என் மனைவி ராதாமணிக்கு நான் கொடுத்ததும் அப்படி ஒரு போன்தான். அவளுக்குப் பசுவந்தனைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அவளுடைய அம்மா வெள்ளைத்தாய் ஆடு மேய்ப்பவர். நான் நகை எதுவும் கேட்காமல் அவளைக் கட்டிக்கொண்டேன். கல்யாணச் செலவும் என்னுடையதே. பிறகு தையல் படிக்க வேண்டும் என்றாள், அதற்கும் நானே அனுப்பினேன். சொல்லிக்காட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஒன்றையும் விடாமல் எழுதும்படி இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டார்.

அந்தக் கம்பெனிக்கு அவள் ஊரில் டவர் கிடையாது. தெரிந்துதான் கொடுத்தேன். எங்களுக்குள் தகராறு வந்தால், சில சமயம் என் கை நீண்டதும் உண்டு, உடனே பையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிடுவாள். அங்கே அந்தப் போன் வெறும் டப்பா. நாலு நாள் பொறுப்பாள், ஐந்தாம் நாள் பஸ் ஏறிவிடுவாள். போனுக்காக வருகிறாளா எனக்காக வருகிறாளா என்று நான் ஆராய்ந்ததில்லை. வந்தாளா, சோறு பொங்கினாளா, எனக்கு அது போதும்.

இந்த ஐப்பசியில் போனவள் வரவில்லை. ஒரு மாதம் ஓடிவிட்டது. புதியம்புத்தூரில் ஒரு தையல் கம்பெனியில் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறாள், அங்கேயே தங்கப்போகிறாள் என்று சொந்தக்காரர்கள் வழியாகக் காதுக்கு வந்தது. நான் படிக்கவைத்த தையலை வைத்துக்கொண்டு என்னையே விட்டுப் போகப் பார்க்கிறாள்.

அவள் போனுக்கான பத்து இலக்க எண் ஆவணியிலேயே எனக்கு வந்துவிட்டது. அவளிடம் நான் சொல்லவில்லை. கம்பெனிக்காரனுக்கு அவன் கணக்குத் தீர்ந்திருக்கலாம். எனக்குத் தீரவில்லை.

அப்போதுதான் பால்துரை போனில் பேசினான். பசுவந்தனையில் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். எங்கள் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. ஒரு கடையில் விற்ற போனை, அந்தக் கடைக்காரனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இன்னொருவன் திறக்க மாட்டான்.

"அண்ணாச்சி, மதினி போனு நம்ம கடைக்கி வந்துருக்கு. வேற சிம்மு போட்டா ஏத்துக்கிட மாட்டேங்கு. ஒங்ககிட்ட நம்பர் இருக்குமே, சொல்லுங்க. ஒரு நிமிசத்துல தொறந்துருதேன்."

மூன்று எண்கள் சொன்னேன். மூன்றும் தப்பு. மூன்று முறை தப்பாகப் போட்டால் அந்த மாடலில் பூட்டு நிரந்தரமாக விழுந்துவிடும்; பழைய சிம் தவிர வேறு எதுவும் இனி ஏறாது. பால்துரை பதறிப்போய் என்னிடம் மன்னிப்புக் கேட்டான்.

"பாவம் அண்ணாச்சி, மதினி ரொம்பச் சங்கடப்படுதாவ. அந்தூர்ல கம்மாக்கரை மடைகிட்ட மட்டுந்தான் இந்தச் சிக்னலு கெடைக்காம். புதியம்புத்தூர் சூப்பர்வைசரு எஸ்தர்ராணி அக்கா, வேலை தொடங்குததுக்கு முன்னால கூப்பிடுவாவளாம். அதுக்காவ தெனமும் காலைல ஆறரைக்கு அங்கன போயி ஒத்தையில நிக்குதாவ. நீங்களாச்சும் வேற போனு ஒண்ணு கொடுத்து விடுங்க."

கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன்.

கார்த்திகை மழையில் கண்மாய் பெருகிக் கிடந்தது. பைக்கைத் தார் ரோட்டிலேயே நிறுத்தினேன். ஈரக் கரிசலில் இறக்கினால் சேறு அப்பி, சக்கரம் சுற்றாது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து, ஆறு மணிக்கே மடைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது.

ஆறரைக்கு அவள் வந்தாள். என்னைப் பார்த்துவிட்டும் ஓடவில்லை. போனில் சிக்னல் வந்துவிட்டதா என்றுதான் முதலில் பார்த்தாள்.

"இன்னைக்கு அந்த அக்கா முடிவு சொல்லுவாவ. அத மட்டும் பேசிக்கிடுதேன். அதுக்கப்புறம் போன நீங்களே எடுத்துக்கிடுங்க. என்னைய விட்டுருங்க" என்றாள்.

போனை முதலில் வாங்கிக்கொண்டேன். தண்ணீர் பட்டால் போர்டு போய்விடும். பிறகுதான் தள்ளினேன். மடைப்பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர். அவளுக்கு நீச்சல் தெரியாது. இரண்டு முறை கரையைப் பிடித்தாள். முதல் முறை மண்ணே வழுக்கிவிட்டது. இரண்டாவது முறை விரல்களை நான் காலால் எடுத்துவிட்டேன். அதிக நேரம் ஆகவில்லை.

போன் அடித்தது. எடுத்தேன்.

"ஏட்டி ராதாமணி, வேலை கெடைச்சிட்டு. திங்கக்கெழம வந்துரு. ஒனக்குன்னு மிசினு ஒதுக்கியாச்சு, கேட்டியா."

சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் தன்மையானவர். கடைசியில், 'மாயகிருஷ்ணனாகிய நான் என் மனைவியைத் தேடிப் போய்க் கொன்றேன்' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். கொன்றேன் என்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் தேடிப் போனேன் என்பது தவறு. நான் நின்றுகொண்டிருந்த இடத்துக்கு அவளாகத்தான் வந்தாள்.