மணியோட சர்ட்டிபிகேட்டு

விமல்: இன்னாமா, கேட்டுகினே கீறேன், நீ பாட்டுக்கு மீன் ஆஞ்சிகினு குந்திகினு கீற?

பச்சையம்மா: கையெல்லாம் கவுச்சி. இரு, கயுவிகினு வரேன்.

விமல்: சாவியக் குடு, நானே எடுத்துக்கிறேன்.

பச்சையம்மா: பெட்டிய நீ தொடாத. ...இன்னா கேட்ட?

விமல்: எத்தினி தபா சொல்றது? மணியோட பர்த் சர்ட்டிபிகேட்டு. ஒரிஜினலு.

பச்சையம்மா: இம்மாம் வருசமா ஜெராக்ஸ்லயே தானே ஆடினு இருந்த?

விமல்: அது டிஸ்ட்ரிக்ட்டு மேட்ச்சு. இது...

பச்சையம்மா: இது?

விமல்: ஒண்ணுமில்ல. குடேன்.

பச்சையம்மா: என்கிட்டயே டபாய்க்காத. செத்த புள்ளயோட சர்ட்டிபிகேட்டு உனக்கு இப்ப இன்னாத்துக்கு? அதான் ட்ரையல்ஸ்ல தோத்துட்டேன், கபடியே வோணாம், ஹார்பர்ல லோடு ஏத்தப் போறேன்னியே?

விமல்: மெதுவா பேசு. பக்கத்து வூட்ல கேக்கும்.

பச்சையம்மா: கேக்கட்டும்! குப்பத்துல யாருக்குத் தெரியாது? உனக்கு ரெண்டு வயசு கொறைக்கணும்னு அந்த மேத்யூ கோச்சு தானே தம்பி சர்ட்டிபிகேட்ட வாங்கினு போயி ஜெராக்ஸ் எடுத்தாரு? அப்ப மணி உசுரோட இருந்தான். "அண்ணாத்த, என் பேரக் கெடுத்துடாத"ன்னு சிரிச்சான். அப்பால காமாலைல அவன் போனப்ப...

விமல்: அம்மா, வோணாம்.

பச்சையம்மா: போனப்ப கோச்சு இன்னா சொன்னாரு? "செத்தத பதியாதீங்க, அடுத்த வாரம் செலக்சன் கீது"ன்னாரு. பதியலியே! ஆறு வருசமா ரேசன் கார்டுல உசுரோட தான் கீறான். மேட்ச்சுல நீ ஏறிப் போவ... மைக்குல "மணி, மணி"ன்னு கத்துவான். ஊரே கைதட்டும். நான் முந்தானைய வாய்ல அடச்சிகினு நிப்பேன்.

விமல்: தெரியும்மா.

பச்சையம்மா: உனக்கு இன்னா தெரியும்?

விமல்: ...நான் ஒரு பொய் சொல்லிட்டேன்மா.

பச்சையம்மா: இன்னா பொய்யி?

விமல்: ட்ரையல்ஸ்ல என்னைத் தள்ளல. எடுத்துட்டாங்க.

பச்சையம்மா: எதுல எடுத்துட்டாங்க?

விமல்: பெரிய லீக்கும்மா, டிவில வருதே அது. ஏலத்துல எடுக்கிறதுக்கு முன்னாடியே சின்னப் பசங்களப் புடிச்சி, சோறு போட்டு, ட்ரெயினிங் குட்த்து வளக்கிறாங்க. நானூறு பேரு வந்தானுங்க. மூணு பேரத் தான் எடுத்தாங்க.

பச்சையம்மா: நாப்பது நாளாச்சேடா!

விமல்: கோச்சு தான் மூச்சு வுடாதன்னாரு. கையெயுத்துப் போடற வரிக்கும் தோத்துட்டேன்னு சொல்லிகினு திரின்னாரு. எவனாவது வயசப் பத்தி மொட்டக் கடுதாசி போட்டா அம்பேல். போன வருசம் விம்கோ நகர் பையனுக்கு அப்டித் தான் போச்சு.

பச்சையம்மா: பெத்தவ நான் கடுதாசி போடுவனா?

விமல்: போட மாட்ட. சந்தோசத்துல மார்க்கெட்டு பூரா சொல்லிடுவ.

பச்சையம்மா: உன் சொந்தப் பேர்லயே போயேன், நைனா...

விமல்: எப்டிமா? இருவது வயசுக்குள்ள தான் எடுப்பாங்க. எனக்கு இருவத்தொண்ணு. வாங்கின கப்பு, மெடலு எல்லாம் மணி பேர்ல கீது. விமல்னு ஒருத்தன் கபடி ஆடுனதே இல்ல. ...நாளைக்கு காத்தால கையெயுத்து. அசலு இல்லன்னா அடுத்த பையனக் கூப்ட்டுடுவாங்க.

பச்சையம்மா: ஐயோ, நாளைக்கேவாடா?

விமல்: இன்னாமா அயுவுற? நல்ல சேதி தானே? டிவில அவன் பேரு வரும்மா. ...சாவியக் குடு.

பச்சையம்மா: பெட்டில இல்ல.

விமல்: பின்ன எங்க கீது?

பச்சையம்மா: தோத்துட்டேன்னு வந்து மூஞ்ச மூடிகினு படுத்தியே... ஆட்டம் முடிஞ்சிடுச்சு, இனிமேனாச்சும் அவனுக்கு வாய் வுட்டு அயுவலாம்னு மறுநாளே மனு எயுதிகினு தாலுக்கா ஆபீசுக்குப் போனேன். அசல வாங்கி வச்சிகினாங்க. மணி செத்துட்டான்னு வெள்ளிக்கியம தான்டா பேப்பரு குட்த்தாங்க.