ரெண்டாங் கியர்

— "இந்த வண்டி கடைசியா எப்பப் பேசுச்சு?"ன்னு அன்னிக்கு கேட்டீங்கல்லக்கா? நான் பதிலே சொல்லல.

— எங்க சொன்ன? கேட்டு முடிக்கறதுக்குள்ள இந்த லாரிக்குள்ளயே ஏறிக் கதவச் சாத்திக்கிட்ட. "ஏனுங்க, உங்க பொண்ணுக்குக் காது கேக்காதுங்களா?"ன்னு உங்கப்பாகிட்டக் கேட்டேன்னாப் பாத்துக்கோ ஃபைஸா.

— அத்தா இன்னா சொன்னாரு?

— "அவளுக்கு இருக்கறதே காதுதான் மேடம், வாய்தான் கெடையாது"ன்னாரு.

— பதினோரு வருஷம் ஆச்சுக்கா. சவுக்கு லோடு இறக்கிட்டு வந்து இந்தக் கால்வா சரிவுல நின்னுச்சு. எனக்கு அப்போ எட்டு வயசு. அதோட சரி. அப்றம் பேசல.

— உனக்குப் பத்தொம்பது, இதுக்கு அம்பத்தெட்டா? அறுபத்தெட்டு மாடலுன்னுதான சொன்ன?

— ஆர்.சி. புக்குல அப்டித்தான் கீது.

— இந்த மூக்கப் பாரு கண்ணு! எங்க பழைய வண்டி கிளப்புல இருவத்தாறு வண்டி இருக்குது, ஒண்ணுக்கும் இத்தன நீள மூக்கு இல்ல. உள்ள ஆறு சிலிண்டரு, பந்தியில உக்காந்தாப்ல ஒரே வரிசை. ஒரு கம்ப்யூட்டரு கெடையாது, ஒரு சென்சாரு கெடையாது. பேட்டரி செத்தாலும் இது சாகாது. இழுக்கக் காத்து, குடிக்க டீசலு, மொதல்ல ஒரு சுத்து சுத்திவுட ஆளு. அவ்வளவுதான் கேக்கும். கல்பாக்கத்துல எங்க ஆபீஸ்ல ஒரு பம்ப ஓட்டோணும்னா பத்துப் பேரு கையெழுத்துப் போடோணும்.

— எனக்கு ரோட்டுல போற வண்டிங்க எல்லாமே ஒரே மாதிரி கத்துதுக்கா. திங்கக்கெழம மட்டும் மதுராந்தகத்து நெல்லு லாரி ஒண்ணு போவும். பழசு. மூணாவது சிலிண்டரு லேசா இருமும். அது வந்துச்சுன்னா சோத்துத் தட்ட அப்டியே வெச்சுட்டு ரோட்டுக்கு வந்துடுவேன்.

— மூணாவதுன்னு எப்படித் தெரியும்?

— இருமல் வர்ற எடத்த வெச்சுதான். அக்கா, மணி இன்னா?

— பத்தேகால்.

— பதினொண்ணுக்கு கிரேன் வந்துடும்.

— போன்ல பாதிதான் சொன்ன. மகாபலிபுரத்து ரிசார்ட்டுக்குப் போகுதுங்கறது நெஜந்தானா?

— நெஜந்தான். வாசல்ல நிக்க வெச்சு போட்டோ எடுத்துக்கறதுக்காம். இன்ஜின் வேணாமாம். கழட்டி எடைக்குப் போட்டுட்டு, அந்த எடத்துல மண்ணக் கொட்டி பூச்செடி வெப்பாங்களாம்.

— பூச்செடியா! பானட்டுக்குள்ளயா!

— காகிதப்பூ.

— அட கெரகமே! ஞாயித்துக்கெழம மகாபலிபுரத்துலருந்து செங்கல்பட்டு வரைக்கும் எங்க வண்டியெல்லாம் வரிசையா வருது. இது அந்த வரிசைக்குத் தலையில வரோணும் கண்ணு. உங்கப்பாகிட்ட நான் பேசட்டுமா?

— நானே பேசிட்டேன். பேசலக்கா, சீட்டு எழுதி டிபன் பாக்ஸ்ல வெச்சேன். ஒண்ணு ஒத்துக்கினாரு. கிரேன் வர்றதுக்குள்ள இன்ஜின் ஓடிச்சுன்னா வண்டியக் குடுக்க மாட்டாரு. ஓடலன்னா நான் வாயத் தெறக்கக் கூடாது.

— நீ என்னிக்கு வாயத் தெறந்த?

— சிரிக்காதீங்கக்கா. டீசல் லைன்ல காத்து எடுத்துட்டேன். ஃபில்டர் மாத்திட்டேன். பிரேக் ஆயில் ஊத்திட்டேன். செல்ஃப் மோட்டாருதான் செத்துப்போச்சு. உருட்டித்தான் ஸ்டார்ட் பண்ணணும். மூக்கு மேட்டு ரோட்டப் பாத்துகினு கீது, அதனால சக்கரத்துக்கு வெச்ச கட்டைய எடுத்தா பின்னாலதான் எறங்கும். கீழ கால்வா வரைக்கும் நாப்பதடி.

— அப்புறம் சரிவு இல்ல.

— இல்ல. ஒரே தபாதான். நீங்க ஏறி உக்காருங்கக்கா. நான் கீழ நின்னு சத்தம் கேக்கறேன்.

— நானா? ஒரு வாரம் கையெல்லாம் கரியாக்கிட்டு நீ கீழ நிப்பியா?

— சத்தத்துல தப்பு இருந்தா கீழ நின்னாதான்க்கா தெரியும். ஏறுங்க.

— சரி சாமி. அம்மாடி, என்ன உசரம்! உங்க கால்வாயே கையகலமாத் தெரியுது. கிளட்ச்ச மிதிச்சுட்டேன். கியர் போட்டாச்சு. எடு கட்டைய!

— எடுத்துட்டேன்! எறங்குது... எறங்குது... இப்போ வுடுங்க கிளட்ச்ச!

— புடிச்சுருச்சு! கண்ணு, புடிச்சுருச்சு! கேக்குதா? ஆறும் அடிக்குது! பதினோரு வருஷங் கழிச்சு! அட என்ற ராசா!

— அக்கா, இது சரியில்ல.

— என்னது? சத்தமாச் சொல்லு!

— சத்தம் திரும்பிக் கீதுக்கா! பொகை சைலன்சர்ல வரல, மூக்குப் பக்கம் ஏர் ஃபில்டர்ல வருது! ஆயில் பிரஷர் முள்ளப் பாருங்க!

— முள்ளு எந்திரிக்கவே இல்ல! படுத்துட்டு இருக்குது!

— எந்தக் கியர் போட்டீங்க?

— ரெண்டாங் கியர்தான், எப்பவும் போல!

— ஐயோ, அது முன்னால தள்ளும்போது! பின்னால உருளும்போது ரிவர்ஸ்தான் போடணும்! இன்ஜின் தலகீழா சுத்துதுக்கா!

— ஆமா கண்ணு, முன் கியர்ல வண்டி பின்னாடி போகுது! கால்வா வருது!

— நிறுத்தற கம்பிய இழுங்க!

— இழுத்துட்டேன், நிக்க மாட்டேங்குது!

— டாப் கியர் போடுங்க! பிரேக் மேல ஏறி நில்லுங்க! நல்லா! இப்போ கிளட்ச்ச வுடுங்கக்கா, வுடுங்க!

— ...நின்னுருச்சு.

— எறங்காதீங்க. கட்ட வெச்சுக்கறேன். ம். இப்போ எறங்குங்க.

— நான் மெக்கானிக்கல் படிச்சவ கண்ணு. இருவது வருஷமா வண்டி தள்ளறேன். கை தன்னால ரெண்டாங் கியருக்குப் போயிருச்சு.

— எல்லார் கையும் அங்கதான்க்கா போவும். நானும் சொல்லாம வுட்டுட்டேன். பழைய டீசலு எந்தப் பக்கம் சுத்திவுட்டாலும் ஓடும். அதுக்கு முன்ன பின்ன தெரியாது.

— கெடுத்துட்டேனே சாமி. ஒரே ஒரு தபான்னு சொன்னயே.

— அழாதீங்கக்கா. அத்தா வர்றாரு.

— இன்னாம்மா இது? வண்டி கீழ எறங்கிக் கீது? யாரோ பொம்பள தெருவே அதிர்ற மாதிரி கத்துச்சே, யாரு மேடம் அது?

— உங்க பொண்ணுதானுங்க.

— எம் பொண்ணா? சும்மா இருங்க மேடம்.

— சத்தியமாங்க. ஷஃபியுல்லா அண்ணா, கேளுங்க, இன்ஜின் ஓடுச்சு. அரை நிமிசம் நல்லா ஓடுச்சு!

— எந்தப் பக்கம் ஓடிச்சு? பொகை மூக்குல வந்துச்சே, நான் பாத்துகினுதான வரேன்.

— ...பின்பக்கமுங்க. தப்பு என்றதுங்க, இவளுது இல்ல.

— பின்பக்கம் ஓடினதெல்லாம் ஓட்டம் இல்ல மேடம். அதோ, முனிசாமி கிரேன எடுத்துகினு வந்துட்டான். பேசினது பேசினதுதான்.

— இத்தன நல்ல இன்ஜினுங்க. எடைக்குப் போட உங்களுக்கு எப்படி மனசு வருது?

— வண்டி மேல எனக்கு இன்னா கோவம்? பத்து வருஷம் எனக்கு சோறு போட்ட வண்டி. இவ பத்தாவதுல பாதியில நின்னா. யாரும் அடிக்கல, வையல. "கிளாஸ்ல எழுந்து பேசச் சொல்றாங்க"ன்னா, அவ்ளோதான். அன்னிலேந்து நாலு வருஷமா இந்த கேபின்லதான் கீறா. நாஸ்தா இங்க, சோறு இங்க. வூட்டுக்கு ஆள் வந்தா உள்ள ஏறி கதவ சாத்திக்கறா. நிக்கற வண்டிக்குள்ள உக்காந்து அவளும் நின்னுட்டா மேடம். வண்டி போனாதான் எறங்குவா. எனக்கு வேற வழி தெரியல.

— அவ கேட்டுட்டு நிக்கறாளுங்க.

— கேக்கட்டும். ஃபைஸா, முனிசாமி சங்கிலி மாட்டிட்டான். ஸ்டியரிங் புடிக்க ஆள் வேணும். கடைசி தபா, நீயே ஏறு. மேல ரோடு வரைக்கும் நேரா வா. நான் பின்னால கட்டைய வெச்சுகினு நடந்து வரேன்.

— சரித்தா.

— கண்ணு, நானும் கூட ஏறிக்கட்டுமா?

— வேணாம்க்கா. நீங்க கீழ நில்லுங்க.

— மெதுவாப் பேசறேன், கேளு. தப்பா ஓடினாலும் இன்ஜின் சூடாயிருக்குது.

— தெரியும்க்கா.

— இந்தத் தடவ வண்டி முன்னாடி போகுது.

— அதுவும் தெரியும்க்கா.

— முனிசாமி, மெதுவா இழு! ம்... வருது, வருது. ஃபைஸா, கைய நேரா வெய்யி! அப்டித்தான். இன்னும் பத்தடி. ரோடு வந்தாச்சு... இன்னாது, வண்டி ஏன் குலுங்குது?

— சைலன்சரப் பாருங்கண்ணா! பொகை! சரியான எடத்துல பொகை!

— முனிசாமி, நிறுத்து! நிறுத்துய்யா! ஃபைஸா, ஆஃப் பண்ணு!

— மாட்டேன்!

— இன்னாது?

— மாட்டேன்த்தா! ரெண்டாங் கியர்ல கிளட்ச்ச வுட்டேன், புடிச்சுகிச்சு! இப்போ நியூட்ரல்ல போட்டுட்டேன், ஆக்சிலேட்டர்லேந்து கால எடுத்தா நின்னுடும், எடுக்க மாட்டேன்! ஆறும் அடிக்குது, ஒண்ணு கூட இருமல! ஆயில் முள்ளு நடுவுல நிக்குது! ஞாயித்துக்கெழம அக்காங்களோட செங்கல்பட்டுக்கு இந்த வண்டி போவும், நானும் இதுல போவேன்! எவ்ளோ பேரு நின்னாலும் போவேன்! யாரு இன்னா கேட்டாலும் நானே சொல்லுவேன், எந்த வருஷம், எத்தினி சிலிண்டரு, எல்லாம் நானே சொல்லுவேன்! கேக்குதாத்தா?

— ஊருக்கே கேக்குது கண்ணு!

— அக்கா! அத்தா இன்னா சொல்றாரு? இந்த மூக்கு மறைக்குது, எனக்கு ஒண்ணுந் தெரியல!

— ஒண்ணும் சொல்லல கண்ணு. முன்னாடி வந்து நிக்கறாரு. பானட்டு மேல கைய வெச்சுருக்கறாரு.

— கோவமா கீறாரா?

— தெரியலயே. இப்ப குனியறாரு. சங்கிலியக் கழட்டறாரு.

— கழட்டறாரா? முனிசாமி அண்ணே?

— அவரு தலையச் சொறிஞ்சுட்டு நிக்கறாரு. உங்கப்பா சங்கிலிய அவரு கையிலயே குடுத்துட்டாரு. ஊட்டுப் பக்கம் போறாரு.

— போறாரா? கூப்புடுங்கக்கா! என்னால கால எடுக்க முடியாது!

— ஏனுங்க! ஷஃபியுல்லா அண்ணா! ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க! ...திரும்பவே இல்ல கண்ணு. ஸ்கூட்டர எடுத்துட்டாரு. கெளம்பிட்டாரு.

— எங்க போறாரு? எந்தப் பக்கம்க்கா?

— பெட்ரோல் பங்க் பக்கம் கண்ணு. காலடியில ரெண்டு காலி டீசல் கேனு இருக்குது.